வயதான பூனைக்கு மலச்சிக்கல்

உடல்நலத்தோடு இருக்கும் பூனை பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை மலம் கழிக்கும். சில பூனைகள் ஒன்றரை நாள் எடுத்துக்கொள்ளும். மலம் கரும்பழுப்பு நிறத்தில், மண் ஒட்டும் அளவு ஈரத்தோடு, உருண்டு நீண்டிருக்கும். இரண்டு நாள் கடந்தும் கழிக்காத பூனைக்கும், உட்கார்ந்து நெடுநேரம் முக்கி ஆட்டுப் புழுக்கை போல நாலைந்து உலர்ந்த உருண்டைகளை மட்டும் போடும் பூனைக்கும் மலச்சிக்கல் இருக்கிறது. இளம் பூனைக்கு இது எப்போதாவது வந்து போகும். 10 வயதைத் தாண்டிய பூனைக்கு வந்தால் அப்படிச் சும்மா போவதில்லை. அதன் பின்னால் பெரும்பாலும் வேறொரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பேதி மருந்தை மட்டும் கொடுத்தால் ஒரு வாரத்தில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

உணவின் சத்தை உறிஞ்சும் வேலை சிறுகுடலிலேயே ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. எஞ்சிய கூழிலிருந்து நீரை இழுத்து உடலுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் பெருங்குடலின் முக்கிய வேலை. உடலில் நீர் குறைந்தால் பெருங்குடல் இன்னும் கடுமையாக இழுக்கும். மலம் தங்கும் நேரம் நீள நீளக் காய்ந்து இறுகும். இறுகியது வெளியேறும்போது வலிக்கும். வலிக்குப் பயந்து பூனை அடக்கும், அடக்க அடக்க மேலும் காயும். இது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொடர்ந்தால் குடல்சுவரின் தசை விரிந்து, மலத்தைத் தள்ளும் வலுவை இழந்துவிடும்.

ஆகவே மருத்துவர்கள் இதை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். சிரமப்பட்டாலும் பூனை தானே கழிக்க முடிகிற நிலை முதல் படி. மருத்துவர் உதவியில்லாமல் வெளியேற்றவே முடியாத மலக்கட்டு இரண்டாவது. பெருங்குடல் நிரந்தரமாக விரிந்து செயலிழந்துபோவது மூன்றாவது. மருத்துவர்கள் அதை மெகாகோலன் என்கிறார்கள். முதல் படியில் கவனித்தால் உணவிலும் நீரிலும் செய்யும் மாற்றமே பல பூனைகளுக்குப் போதும். மூன்றாவது படியில் ஆயுள் முழுக்க மருந்து, அல்லது அறுவை சிகிச்சை.

முதல் படியில் கவனிப்பதில்தான் தென்காசிப் பக்கத்தில் சிக்கல் இருக்கிறது. தென்காசியிலும் மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை, ஆய்க்குடி போன்ற ஊர்களிலும் வீட்டுப் பூனைகளில் பல இன்னும் புறவாசல் வழியாக வெளியே போய், தோட்டத்து மண்ணைப் பறித்துக் கழித்துவிட்டு மூடிவிட்டு வருபவை. மலம் எப்படி இருந்தது, எத்தனை நாளைக்கு முன் போனது என்பது வளர்ப்பவர் கண்ணில் படுவதே இல்லை. பூனை சாப்பிடாமல் சுருண்டு படுத்த பிறகுதான் விஷயம் தெரிகிறது. அதற்குள் ஐந்தாறு நாள் ஓடியிருக்கும். வயதான பூனை வளர்ப்பவர்கள் அது வெளியே போகும் பழக்கமுள்ளதாக இருந்தாலும் வீட்டுக்குள் ஒரு மணல் தட்டு வைப்பது நல்லது. சந்தேகம் வந்தால் இரண்டு நாள் பூனையை ஒரே அறையில் தட்டோடு வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

வெளியே தெரியும் அடையாளங்கள் சில உண்டு. பூனை தட்டுக்குப் போய்ப் போய் வரும், முக்கும்போது கத்தும், தட்டை விட்டு வந்து தரையில் கழிக்க முயலும். சாப்பாட்டு முன் போய் உட்கார்ந்துவிட்டு மோந்து பார்த்து விலகும். முக்கிய பிறகு வாந்தி எடுப்பதும் உண்டு. வயிற்றின் பின்பகுதியைத் தொட்டால் கூச்சப்படும், அல்லது சீறும். இறுகிய கட்டியைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் சளியும் நீருமாக ஒழுகுவதைப் பார்த்து, பூனைக்கு வயிற்றுப்போக்கு என்று எண்ணி அதற்கு மருந்து கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அது நிலைமையை மோசமாக்கும்.

இதைவிட அபாயமான குழப்பம் ஒன்று இருக்கிறது. மலத்துக்கு முக்குவதும் சிறுநீருக்கு முக்குவதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கடுவன் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. படிகமோ சளிக்கட்டியோ அதை அடைத்துவிட்டால் ஓரிரு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். கடுவன் அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது, தட்டில் ஈரமும் இல்லை என்றால் மலச்சிக்கலா, சிறுநீர் அடைப்பா என்று வீட்டில் ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே, இரவானாலும், மருத்துவரிடம் போக வேண்டும்.

வயதான பூனைக்கு ஏன் மலம் இறுகுகிறது என்றால், முதல் பதில் நீர். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் உள்ள வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனை. இரையின் உடலிலிருந்தே நீரைப் பெற்று வாழப் பழகிய இனம் என்பதால் பூனைக்குத் தாகம் எளிதில் எடுக்காது. எலியின் உடலில் ஏறக்குறைய 70 விழுக்காடு நீர். கடையில் வாங்கும் உலர் தீனியில் சுமார் 10 விழுக்காடுதான். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு, உணவில் உள்ளதையும் சேர்த்து, நாளுக்கு ஏறத்தாழ 200 மில்லி நீர் வேண்டும். உலர் தீனியை மட்டும் தின்னும் பூனை இந்தக் கணக்கைக் கிண்ணத்து நீரால் முழுதாக ஈடுகட்டுவது அரிது.

வயதான பூனைகளில் இதன் மேல் சிறுநீரகக் கோளாறும் வந்து சேர்கிறது. நாள்பட்ட சிறுநீரக நோய் முதிய பூனைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் நோய்களுள் ஒன்று. சிறுநீரகம் நீரைத் தக்கவைக்கும் திறனை இழப்பதால் பூனை நிறைய சிறுநீர் கழிக்கும், நிறையக் குடிக்கும், அப்படியும் உடல் உலர்ந்தே இருக்கும். கூடவே ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து குடல் தசை சோர்ந்துவிடும். மலச்சிக்கல் என்று கொண்டுபோன பூனைக்கு ரத்தப் பரிசோதனையில் சிறுநீரக நோய் தெரியவருவது மருத்துவர்களுக்குப் பழக்கமான அனுபவம். உண்மையில் முதிய பூனையின் மலச்சிக்கலுக்கு எடுக்க வேண்டிய பரிசோதனைகளில் ரத்தப் பரிசோதனையை எக்காரணம் கொண்டும் தவிர்க்கக் கூடாது.

அடுத்தது மூட்டு. 2002-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 12 வயதைத் தாண்டிய பூனைகளின் எக்ஸ்-ரே படங்களில் 90 விழுக்காட்டில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. பூனை நொண்டுவதோ முனகுவதோ அரிது என்பதால் யாருக்கும் தெரியாமலே அந்த வலி இருக்கும். மலம் கழிக்க முதுகை வளைத்துப் பின்னங்கால்களை மடக்கிக் குந்த வேண்டும். இடுப்பும் முழங்காலும் வலிக்கிற பூனை அதைத் தள்ளிப்போடும். முன்பெல்லாம் திண்ணையிலிருந்து மதிலுக்கு ஒரே தாவாகத் தாவிய பூனை இப்போது நின்று யோசித்து ஏறுகிறது, அல்லது ஏறுவதையே விட்டுவிட்டது என்றால் அதன் மலச்சிக்கலுக்கு மூட்டுவலியும் காரணமாக இருக்கலாம்.

நீர்க்குறைவும் மூட்டுவலியும் குற்றாலச் சாரல் காலத்தில் ஒன்றுசேர்கின்றன. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியாக நுழைந்ததும் பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் விழத் தொடங்கும். செப்டம்பர் வரை தென்காசி வட்டாரம் குளிர்ந்து தூறலிலேயே இருக்கும். மனிதருக்கு இனிமையான இந்தப் பருவம் மூட்டு தேய்ந்த பூனைக்கு அவ்வளவு இனிமையல்ல. புறவாசல் மண் சொதசொதவென்று இருக்கும்; அதில் கால்வைக்கப் பிடிக்காமல் பூனை அடக்கிக்கொள்ளும். குளிரில் அசைவு குறையும், குடிப்பதும் குறையும். ஆக, வெயிலில் நீரிழப்பு கடுமையாகும் சித்திரை, வைகாசியில் மட்டுமல்லாமல், ஊரே ஈரத்தில் நனையும் ஆனி, ஆடியிலும் இந்தப் பூனைகளைக் கண்காணிக்க வேண்டும்.

பழைய எலும்பு முறிவு இன்னொரு காரணம். கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலை செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர் வழியாக வீடுகளையும் கடைகளையும் ஒட்டியே போகிறது. வண்டியில் அடிபட்டு இடுப்பெலும்பு முறிந்த பூனை ஒரு மாதம் படுத்துக் கிடந்து தானாகவே எழுந்து நடந்துவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். கோணலாகக் கூடிய எலும்பு மலம் வரும் வழியைக் குறுக்கியிருக்கும். அதன் விளைவு சில ஆண்டு கழித்துத் தெரியவரும். மருத்துவரிடம் அந்தப் பழைய விபத்தைச் சொல்வது முக்கியம்.

எலும்புத் துண்டுகளும் கட்டியாகும். செங்கோட்டை, பிரானூர்ப் பக்கம் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் விற்கும் கடைகள் நிறைய. அந்தக் கடைகளின் பின்பக்கம் பூனைகளும் நிறைய. வெந்த கோழி எலும்பு நொறுங்கி மலத்தோடு கலந்து சுண்ணாம்புக் கட்டிபோல இறுகி நிற்கும். வீட்டிலேயும் எலும்பு போடாமல் கறியை மட்டும் பிய்த்துக் கொடுப்பது நல்லது. பெர்சியப் பூனை போன்ற நீள்முடிப் பூனைகளுக்கு நக்கி விழுங்கும் முடியும் சேரும். நாள்தோறும் வாருவது அதைக் குறைக்கும். குடலிலோ ஆசனவாய்ப் பக்கத்திலோ வளரும் கட்டி, சில மருந்துகளின் பக்கவிளைவு, அதிக எடை ஆகியவையும் காரணமாவதுண்டு.

மலச்சிக்கல் என்றதும் கை மருந்துப் பெட்டிக்குப் போவது இயல்பு. தென்காசி அடங்கியிருந்த பழைய திருநெல்வேலிச் சீமை, பேதி மருந்துக்கு உலகம் அறிந்த இடம்; இந்த வட்டாரத்தில் விளையும் நிலாவாரை இலையும் காயும் ‘டின்னவெல்லி சென்னா’ என்ற வணிகப் பெயரிலேயே வெளிநாடுகளுக்குப் போகின்றன. மனிதருக்குப் பழகிய மருந்தாக இருந்தாலும் வயதான பூனைக்கு நிலாவாரை கொடுக்கக் கூடாது. அது குடலை வலுக்கட்டாயமாகச் சுருக்கிப் பிடிப்பை உண்டாக்கும். உள்ளே கட்டி அடைத்திருக்கும்போது பயனின்றி வேதனையை மட்டும் கூட்டும். ஏற்கெனவே குறைந்த நீரையும் வெளியேற்றும். விளக்கெண்ணெயும் அப்படித்தான்.

திரவ பாரஃபினை வாயில் ஊற்றுவது இன்னும் ஆபத்தானது. அதற்குச் சுவையும் மணமும் இல்லாததால் பூனைக்கு விழுங்க வேண்டும் என்ற உணர்வே வராமல் நுரையீரலுக்குள் வழுகிப் போய் நிமோனியாவை உண்டாக்கும். மருந்துக்கடையில் மனிதருக்காக ஆயத்தமாக விற்கும் பாஸ்பேட் எனிமாவை எந்தப் பூனைக்கும் செலுத்தக் கூடாது. பாஸ்பேட் ரத்தத்தில் ஏறி கால்சியம் சரிந்து, வலிப்பு வந்து சில மணி நேரத்தில் உயிரே போகலாம். சோப்புத்தண்ணீர் எனிமா குடலின் உள்தோலைப் புண்ணாக்கும். மூட்டுவலிக்கு என்று நினைத்துக் கொடுக்கும் ஒரே ஒரு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லப் போதும்.

குற்றாலத்துக் கடைகளில் வாங்கிவந்த வலித் தைலத்தை வயிற்றில் தேய்ப்பதும் வேண்டாம். கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் சேர்ந்த தைலங்களைப் பூனையின் கல்லீரலால் மனிதக் கல்லீரல்போல முறித்து வெளியேற்ற முடியாது. பூனையோ உடம்பில் எது பட்டாலும் நக்கியே தீரும். பால் கொடுத்தால் இளகும் என்பதும் பரவலான நம்பிக்கை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது. வயிறு பொருமிப் பேதியாகி இன்னும் நீர் போகும்.

மருத்துவர் முதலில் வயிற்றை அழுத்திப் பார்ப்பார். பெருங்குடலில் இறுகிய கட்டி கைக்கே தெரியும். எக்ஸ்-ரேயில் பெருங்குடலின் அகலத்தை ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் நீளத்தோடு ஒப்பிடுவார்கள். ஏறக்குறைய ஒன்றரை மடங்கைத் தாண்டினால் மெகாகோலன் என்று கொள்வதற்கு இடமுண்டு. அதே படத்தில் பழைய இடுப்பு முறிவும் முதுகெலும்புத் தேய்மானமும் தெரிந்துவிடும். ஊர்வழக்கில் மாட்டாஸ்பத்திரி எனப்படும் அரசு கால்நடை மருத்துவமனைகளில் பூனைக்கும் வைத்தியம் பார்க்கிறார்கள். கூடுதல் பரிசோதனையோ அறுவை சிகிச்சையோ தேவைப்பட்டால், தென்காசியிலிருந்து சுமார் 55 கிலோமீட்டரில் உள்ள திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி 2012 முதல் இயங்கிவருகிறது. அவ்வளவு தூரம் பேருந்தில் பூனையைக் கட்டைப்பையில் கொண்டுபோகாமல், காற்றோட்டமுள்ள மூடிய கூடையில் பழைய துண்டை விரித்துக் கொண்டுபோவது நல்லது. பயத்தில் வாயைத் திறந்து மூச்சுவாங்கும் வயதான பூனைக்கு அடைத்த பை ஆகாது.

கட்டி வெளியேறுவதற்கு முன் உடலுக்கு நீர் ஏற்றுவதுதான் சிகிச்சையின் தொடக்கம். தோலுக்கு அடியிலோ நரம்பு வழியாகவோ ஏற்றுவார்கள். பிறகு வெதுவெதுப்பான உப்புநீர் எனிமா, மெல்லிய குழாய் வழியாக, மிக மெதுவாக. வேகமாகச் செலுத்தினால் பூனை வாந்தியெடுக்கும். குடல் கிழியவும் கூடும். அதற்கும் அசையாத கட்டியை மயக்கம் கொடுத்து விரலால் உடைத்து எடுக்க வேண்டியிருக்கும். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, பாலிஎதிலீன் கிளைக்கால் கலந்த நீரைச் சில மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்கினால், மயக்க மருந்து இல்லாமலே பல பூனைகளின் குடல் இளகிவிடுகிறது. வயதும் சிறுநீரகமும் மயக்க மருந்துக்கு இடம் தராத பூனைகளுக்கு இது பெரிய வரம்.

வீடு திரும்பியதும் தொடர வேண்டிய மருந்துகளில் இரண்டு முக்கியம். லாக்டுலோஸ் பாகு குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்கும். பாகு இனிப்பாக இருந்தும் பூனை அதை விரும்பாது. இனிப்பை அறியும் மரபணு பூனையினத்தில் செயலிழந்துவிட்டது என்று 2005-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கையில் ஒட்டும் அந்தப் பிசுபிசுப்புதான் அதற்குத் தெரியும். சர்க்கரை நோயுள்ள பூனைக்கு மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். பாலிஎதிலீன் கிளைக்கால் 3350 பொடிக்கு மணமும் சுவையும் இல்லாததால் ஈரமான உணவில் கலந்துவிடலாம். பல வீடுகளில் இதுவே எளிதாக இருக்கும். இரண்டுக்கும் அளவு எடையையும் மலத்தின் பதத்தையும் பார்த்து மருத்துவர் கூட்டிக் குறைப்பது. மலம் இளகிவிட்டது என்று வீட்டில் தாமாக நிறுத்தினால் கட்டி திரும்ப வரும்.

குடல் தசையைத் தூண்டும் மருந்துகளில் வெளிநாட்டுக் கால்நடை நூல்கள் முதலில் சொல்வது சிசாப்ரைடு. மனிதர்களின் இதயத் துடிப்பைக் குலைக்கிறது என்பதால் இந்தியாவில் மனிதப் பயன்பாட்டுக்கு அது 2011-ல் தடைசெய்யப்பட்டது. அதனால் மருந்துக்கடைகளில் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக மொசாப்ரைடு, புருகலோப்ரைடு ஆகியவற்றை மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். உள்ளே கட்டி அடைத்திருக்கும்போது இவற்றைக் கொடுக்கக் கூடாது என்பதால் முதலில் குடலைக் காலி செய்த பிறகே தொடங்குவார்கள்.

நார்ச்சத்தைப் பற்றிக் கவனம் தேவை. வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணியோ சிட்டிகை இசப்கோலோ ஆரம்பநிலை மலச்சிக்கலில் பல பூனைகளுக்கு உதவுகிறது. ஆனால் நீர் போதாத உடலில் இசப்கோல் தானே வீங்கி அடைப்பாகிவிடும். குடல் விரிந்துவிட்ட பூனைக்கு நார் கூடக் கூட மலத்தின் பருமன்தான் கூடும். அந்த நிலையில் எளிதில் செரித்துக் குறைவாக மலமாகும் உணவே நல்லது. ஆகவே எல்லாப் பூனைக்கும் பூசணி என்ற பொது யோசனையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

நீரைக் கூட்டுவது மட்டும் எந்த நிலையிலும் பொருந்தும். உலர் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். டின்னிலோ பையிலோ வரும் ஈர உணவில் 75 முதல் 80 விழுக்காடு நீர் உண்டு. சாளையோ கோழிநெஞ்சோ வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள்ளையும் எலும்பையும் எடுத்துவிட்டு, அந்தச் சாற்றோடு கொடுத்தால் பல பூனைகள் கிண்ணத்தை நக்கித் துடைத்துவிடும். மீன்குழம்பு ஆகாது: வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. கருவாட்டில் நீர் இல்லை, உப்பு அதிகம். தண்ணீர்க் கிண்ணங்களை அகலமானவையாக, தீனித் தட்டுக்கும் மணல் தட்டுக்கும் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் வைக்க வேண்டும். மீசை உரசும் குறுகிய கிண்ணத்தைச் சில பூனைகள் வெறுக்கும். சிறுநீரக நோய் முற்றிய பூனைக்கு வாரத்துக்குச் சில முறை தோலுக்கடியில் நீர் ஏற்ற மருத்துவர் வீட்டாருக்கே பழக்கிவிடுவதும் உண்டு.

மணல் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். ஒரு பக்கத்தை வெட்டி வாசல்போல் விட்டால் மூட்டு வலிக்கிற பூனை காலைத் தூக்காமலே நுழையும். மாடியில் படுக்கும் பூனைக்கு மாடியிலேயே ஒரு தட்டு வேண்டும். செங்கோட்டை, பிரானூர் மரஅறுவை மில்களில் மரத்தூள் தாராளமாகக் கிடைக்கிறது. நைசான தூள் மூக்கில் ஏறித் தும்ம வைக்கும், பாதத்தில் ஒட்டும் என்பதால் சற்றே பருக்கையான தூளை வெயிலில் உலர்த்திச் சலித்துப் பயன்படுத்தலாம். சாரல் மாதங்களில் இது ஈர மணலைவிடப் பல பூனைகளுக்குப் பிடிக்கும். தினம் இருமுறை அள்ளாத தட்டில் பூனை அடக்கிக்கொள்ளும். மூட்டுவலிக்கு மருத்துவர் தரும் மருந்து, வழுக்காத விரிப்பு, கட்டிலுக்கு ஏற ஒரு சின்னப் படி இவையும் மலச்சிக்கலுக்கான வைத்தியமே.

இவ்வளவும் செய்தும் குடல் வலு திரும்பாத மெகாகோலன் பூனைகளுக்குப் பெருங்குடலின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. கேட்கப் பயங்கரமாக இருந்தாலும் பூனைகள் இதைப் பெரும்பாலும் நன்றாகவே தாங்குகின்றன. முதல் சில வாரங்கள் மலம் நீராகப் போகும். பிறகு சிறுகுடல் அந்த வேலையையும் பழகிக்கொண்டு மலம் மெல்ல இறுகும். 14, 15 வயதுப் பூனைக்கு இதைச் செய்வதா என்பதை வயதை மட்டும் வைத்து முடிவுசெய்வது சரியல்ல. சிறுநீரகமும் இதயமும் மயக்க மருந்தைத் தாங்குமா என்பதே பார்க்க வேண்டியது.

தொடர்ந்து கவனிக்க ஒரு நாட்காட்டி போதும். மலம் போன நாளில் ஒரு குறி, இறுகியிருந்தால் வேறு குறி. மாதம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, தம் எடையைக் கழித்து எழுதிவைக்க வேண்டும். 4 கிலோ பூனை 3.6 கிலோ ஆகியிருந்தால் பத்தில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. மலம் ஒழுங்காகப் போனாலும் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய மாற்றம். இரண்டு நாளுக்குக் குறி இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மூன்றாவது நாள் நேரில் கொண்டுபோக வேண்டும். வாந்தி, சாப்பிடாமை, சோர்ந்து கிடத்தல், மலத்தில் ரத்தம் இவற்றில் எது சேர்ந்தாலும் நாள் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே.